அப்பம், ஓஸ்தி, பெசகா: களியக்காவிளைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும் பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியாகவே அத்தனை சபைகளையும் பார்த்துவிடலாம். இலத்தீன் (ரோமன் கத்தோலிக்க) கோயில், மலங்கரைக் கோயில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இரட்சணிய சேனை, அப்புறம் தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே ஜெபவீடு. 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டாலும், கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. ஒரே குடும்பத்தில் மூன்று சபைக்காரர்கள் இருப்பது இங்கே சாதாரணம். அதனால் அப்பத்தைப் பற்றிய கேள்விகளும் இங்கே கொஞ்சம் அதிகம். அப்பம் என்றால் இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்துக் கோயிலில் பிட்டுக் கொடுக்கிற அப்பம்; ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கர் அதை நற்கருணை, நன்மை என்பார்கள், சி.எஸ்.ஐ.காரர் திருவிருந்து என்பார்கள். வேதபாட வகுப்பிலும் கல்யாண வீடுகளிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ.; மற்ற சபைகளின் உபதேசத்தை அவர்கள் சொல்கிறபடியே சொல்லப் பார்க்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

நாம் சோறும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடுகிறவர்கள். அப்பம் நமக்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. நம் ஊரில் பேக்கரி ரொட்டி காய்ச்சல்காரருக்கு வாங்குகிற சாமான். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகும்போது ஒரு பாக்கெட் ரொட்டி, நாலு ஆரஞ்சு. ஆகவே ‘ஜீவ அப்பம்’ என்று பிரசங்கத்தில் கேட்டால் நமக்குப் பசி ஞாபகம் வருவதில்லை.

இயேசு வளர்ந்த கலிலேயாவில் சாப்பாடு என்றாலே அப்பம்தான். மீன், பருப்பு, ஒலிவ எண்ணெய் எல்லாம் தொட்டுக்கொள்ள. வீட்டுப் பெண்கள் அன்றன்றைக்கு வேண்டிய மாவைத் திரிகைக்கல்லில் அரைத்துச் சுட்டார்கள். வசதி உள்ளவர்களுக்குக் கோதுமை, இல்லாதவர்களுக்கு வாற்கோதுமை. இரண்டுக்கும் விலை எவ்வளவு வித்தியாசப்பட்டது என்பதற்கு வெளிப்படுத்தல் 6:6 ஒரு தடயம் தருகிறது: ஒரு பணத்துக்குக் கோதுமை ஒருபடி, வாற்கோதுமை மூன்றுபடி. பஞ்ச காலத்து விலை அது. ஒரு பணம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று மத்தேயு 20-ல் இருக்கிறது. அப்படியானால் அப்பம் என்பது அன்றைக்குச் செய்த வேலை, அன்றைக்கு வாங்கிய கூலி, அன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் வயிறு. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் மழை பெய்தால் கூலி இல்லாமல் திரும்பி வருவாரே, அவருக்கு அந்த ‘இன்று’ நன்றாகப் புரியும்.

மன்னாவை அடுத்த நாளைக்கு ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது?

யாத்திராகமம் 16-ல் உள்ள கதை. எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் வனாந்தரத்தில் பசியென்று முறுமுறுத்தபோது, காலையில் பனி போனபின் தரையில் கொத்துமல்லி விதை அளவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. தேனிட்ட பணியாரத்தின் ருசி. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு எடுக்கலாம். மறுநாளைக்கு என்று வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம், அது கெடவில்லை.

இதை ‘சேமிக்காதே’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டால் பேங்க் கணக்கு வைத்திருக்கிற நாம் எல்லோரும் மாட்டிக்கொள்வோம். கதையின் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை என்று அங்கே ஒரு வரி வருகிறது. அப்போஸ்தலன் பவுல் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டியது அந்த வரியைத்தான் (2 கொரிந்தியர் 8:15). எகிப்தில் களஞ்சியம் கட்டிய அடிமைகளுக்குக் கிடைத்த முதல் சாப்பாட்டில் களஞ்சியத்துக்கு இடமில்லை.

‘ஜீவ அப்பம் நானே’ என்று இயேசு சொன்னதன் பொருள் என்ன?

யோவான் 6-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். காலண்டரில் அச்சடித்த 35-ஆம் வசனத்தை மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

முதலில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட அற்புதம். நான்கு சுவிசேஷங்களிலும் வருகிற அற்புதம் இது. உயிர்த்தெழுதலை விட்டுவிட்டால் வேறு எதுவும் நான்கிலும் இல்லை. ஆனால் அந்த அப்பம் வாற்கோதுமை அப்பம் என்றும், அது ஒரு பையன் கையில் இருந்தது என்றும் யோவான் மட்டும்தான் சொல்கிறார். ஏழைப் பையனின் கட்டுச்சாப்பாடு. எலிசா தீர்க்கதரிசி இருபது வாற்கோதுமை அப்பங்களை நூறு பேருக்குக் கொடுத்து மீதியும் வந்த பழைய கதை (2 இராஜாக்கள் 4) அந்தக் கூட்டத்துக்குத் தெரியும்.

சாப்பிட்ட ஜனங்கள் மறுநாள் படகேறி அவரைத் தேடி வருகிறார்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார்: “நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்.” இலவசச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் என்று தெரிந்தும் அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். மன்னாவைச் சாப்பிட்ட உங்கள் பிதாக்கள் செத்துப்போனார்கள், வானத்திலிருந்து இறங்கின அப்பம் நான் என்கிறார். 51-ஆம் வசனத்தில் இன்னும் ஒரு படி போய், நான் கொடுக்கும் அப்பம் என் மாம்சமே என்கிறார். “இது கடினமான உபதேசம்” என்று சீஷர்களே முணுமுணுக்கிறார்கள். 66-ஆம் வசனத்தில் அநேகர் விட்டுப் போய்விடுகிறார்கள். கூட்டம் குறைந்தது என்று அவர் பேச்சை மாற்றவும் இல்லை.

எனக்குப் புரிகிறபடி சொல்கிறேன். அப்பம் முழுசாக இருக்கிறவரைக்கும் ஒருவர் வயிற்றுக்கும் போகாது. பிட்க வேண்டும். ‘நான் அப்பம்’ என்று ஒருவர் சொன்னால் ‘என்னைப் பிட்கலாம்’ என்று சொல்கிறார். அதனால்தான் எம்மாவு என்ற ஊருக்கு நடந்த இரண்டு சீஷர் வழியெல்லாம் உயிர்த்தெழுந்த இயேசுவோடு பேசியும் ஆளை அறியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோது அறிந்துகொண்டார்கள் (லூக்கா 24). கிறிஸ்தவத்தில் அப்பம் என்ற அடையாளத்தின் உயிர் மாவில் இல்லை, பிட்டுக் கொடுக்கிற கையில் இருக்கிறது. கீழே வருகிற புளிப்புச் சண்டை, கோதுமைச் சண்டை எல்லாவற்றையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

புளித்த அப்பமா, புளியாத அப்பமா? எது சரி?

எகிப்திலிருந்து புறப்பட்ட ராத்திரி மாவு புளிக்க நேரமில்லை. அந்த அவசரத்தின் ஞாபகமாக யூதர்கள் பஸ்காவில் புளிப்பில்லாத அப்பம் சாப்பிடுகிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராப்போஜனத்தைப் பஸ்கா விருந்தாகச் சொல்வதால், இலத்தீன் திருச்சபை புளியாத அப்பத்தைப் பிடித்துக்கொண்டது. கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலோர், கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயக்காரர்கள் உட்பட, புளித்த அப்பத்தையே வைக்கிறார்கள். புளிப்பு உயிருள்ளது, உயிர்த்தெழுந்தவருக்கு அதுவே பொருத்தம் என்பது அவர்கள் விளக்கம். 1054-ல் ரோமும் கான்ஸ்தாந்திநோபிளும் பிரிந்தபோது இந்த மாவுப் பிரச்சினையும் வாக்குவாதத்தில் இருந்தது.

வேதத்திலேயே புளிப்பு இரண்டு பக்கமும் வரும். பரிசேயரின் புளித்தமாவுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. அவரே பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது என்றும் சொல்கிறார். ஆகவே ஒரு பக்கத்து வசனத்தை மட்டும் எடுத்து அடுத்த சபைக்காரரை மடக்க முடியாது.

ஓஸ்தி எதில் செய்கிறார்கள்? அரிசி மாவில் செய்யலாமா?

ஓஸ்தி என்பது நற்கருணையில் கொடுக்கிற மெல்லிய வட்ட அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும். உப்புகூட இல்லை. கரைத்த மாவைச் சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி அழுத்தினால் காகிதம் மாதிரி ஒரு தாள் வரும். அது லேசாக ஈரம் ஏறினபின் வட்டமாக வெட்டுவார்கள்; காய்ந்தபடியே வெட்டினால் நொறுங்கும். பெரும்பாலும் கன்னியர் மடங்களில் நடக்கிற வேலை. வெட்டினபின் மிஞ்சுகிற ஓரத்துண்டுகள் மந்திரிக்கப்படாதவை, வெறும் மாவுதான். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கொண்டாட்டம்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983, 924-ஆம் பிரிவு) கோதுமை மட்டும்தான் என்கிறது. அரிசிக்கோ மரச்சீனி மாவுக்கோ இடமில்லை. கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அது மிகக் குறைவாக உள்ள ஓஸ்தி உண்டு. அறவே இல்லாதது செல்லாது. அதுவும் முடியாதவர் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம். சி.எஸ்.ஐ.யில் சில ஆலயங்களில் ஓஸ்தி, சில ஆலயங்களில் ஓரம் நீக்கின பேக்கரி ரொட்டி. பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டில் சுட்ட ரொட்டியும் உண்டு.

அரிசி தின்கிற ஊரில் கோதுமைதான் வேண்டுமா என்பது இறையியல் பள்ளிகளில் ரொம்பநாளாக நடக்கிற விவாதம். எனக்குக் கோதுமையே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அயலூர்ச் சாப்பாடாக இருப்பதில் ஒரு நன்மை: இது நாம் விளைவித்தது இல்லை, யாரோ கொடுத்து நம் கைக்கு வந்தது.

கேரளக்காரர்கள் பெரிய வியாழனன்று வீட்டில் செய்கிற பெசகா அப்பமும் நற்கருணையும் ஒன்றா?

ஒன்றில்லை. பெசகா என்றால் பஸ்காதான். பெசகா அப்பம் வீட்டுச் சடங்கு, அதற்குக் குருவானவர் வேண்டியதில்லை. ஆனாலும் அழகான வழக்கம், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோட்டயம், சங்ஙனாசேரி, பாலா பக்கத்து சுரியானி (சிரியன்) கிறிஸ்தவக் குடும்பங்களின் பழக்கம் இது. அங்கிருந்து பெண் எடுத்த வீடுகள் வழியாக நம் பக்கத்திலும் சில அடுப்புகளுக்கு வந்துவிட்டது. பச்சரிசி மாவு, அரைத்த உளுந்து கொஞ்சம், தேங்காய், சீரகம், சின்ன உள்ளி, பூண்டு. புளிக்க விடுவதில்லை, சோடாவும் கிடையாது. மாவைத் தட்டில் ஊற்றி, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கிவந்த ஓலையைக் கிழித்து நடுவில் சிலுவையாக வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். வெந்தபின் ஓலை மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து, ஏலமும் சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்சின ‘பெசகா பால்’.

ராத்திரி ஜெபம் முடிந்து, வீட்டுப் பெரியவர் அப்பத்தை வெட்டிப் பாலில் தொட்டு மூத்தவரிலிருந்து இளையவர் வரைக்கும் வரிசையாகக் கொடுப்பார். இரண்டு கையும் நீட்டி வாங்க வேண்டும். அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை நடந்திருந்தாலும், அந்த நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே அப்பத்துக்குக் கை நீட்டியாக வேண்டும். சிலுவை வைத்த அப்பம் வீட்டாருக்கு. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கச் சிலுவை இல்லாமல் தனியாகவும் அவிப்பார்கள். அந்த வருஷம் சாவு நடந்த வீட்டில் அடுப்பு ஏற்றுவதில்லை. சொந்தக்காரரோ பக்கத்து வீட்டாரோ செய்து கொண்டுவந்து தருவார்கள். என்னைக் கேட்டால், இந்த வழக்கத்திலேயே எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான்.

இலத்தீன் குடும்பமோ சி.எஸ்.ஐ. குடும்பமோ இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், தடை ஒன்றும் இல்லை. நற்கருணைக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் சரீரமாக மாறுகிறதா?

பெரும்பாலும் வாதாடத்தான் இதைக் கேட்கிறார்கள். இருந்தாலும் சுருக்கமாக:

கத்தோலிக்க உபதேசப்படி மாறுகிறது. நிறம், ருசி, எடை அப்படியே இருக்க, உள்ளே இருக்கிற பொருள் கிறிஸ்துவின் உடலாகிறது. ஆயர்கள் கூடிய பொதுச் சங்கங்களில், 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கமும் 1551-ல் திரிதெந்தின் சங்கமும் இதை உறுதிப்படுத்தின. அதனால்தான் மிஞ்சின நற்கருணையைப் பேழையில் வைத்துப் பக்கத்தில் விளக்கு எரிய விடுகிறார்கள், முழங்கால் மடிக்கிறார்கள். ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களில் லூத்தர், அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அதோடு கிறிஸ்துவின் சரீரமும் மெய்யாக இருக்கிறது என்றார். சுவிங்கிளி, இது நினைவுகூருதல் என்றார். 1529-ல் மார்பர்க் கோட்டையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். “இது என் சரீரம்” என்பதை லூத்தர் மேஜையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு அசையவில்லை. பதினான்கு விஷயங்களில் ஒத்துப்போனார்கள், இந்த ஒன்றில் பிரிந்தார்கள். கால்வின் நடுவழியாக, ஆவியானவராலே நாம் கிறிஸ்துவில் மெய்யாகப் பங்குபெறுகிறோம் என்றார்.

நம் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பெரும்பாலும் லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனெரிச் சங்கத்தின் வழி வந்தவை. ஆகவே நினைவுகூருதல் என்ற அழுத்தம் நமக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு வார்த்தை மட்டும்: ‘வெறும் நினைவு’ என்று யாராவது சொன்னால் அந்த ‘வெறும்’ எனக்குப் பிடிக்காது. பஸ்கா விருந்தில் யூதன் எகிப்தை நினைவுகூரும்போது, தானே அங்கிருந்து வெளியே வந்ததாகத்தான் சொல்கிறான்.

இரட்சணிய சேனையில் ஏன் திருவிருந்து கிடையாது?

1883-ல் அதன் நிறுவனர் வில்லியம் பூத் நிறுத்தினார். வெளிச் சடங்கில் நம்பிக்கை வைத்து உள்ளே மாறாமல் இருந்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. குடியிலிருந்து மீண்டவர் கையில் திராட்சை மதுவைக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. மற்ற சபையில் போய் வாங்குவதை அவர்கள் தடுப்பதில்லை. ஒவ்வொரு சாப்பாடும் நினைவுகூருதலே என்பார்கள். நாகர்கோவில் வடசேரியில் அவர்கள் நடத்துகிற காதரின் பூத் ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்கள், இவர்களுக்கு அப்பம் தெரியாது என்று சொல்லமாட்டார்கள்.

மருமகள் ஆர்.சி., நாங்கள் சி.எஸ்.ஐ. கல்யாணப் பூசையில் நாங்கள் நன்மை வாங்கலாமா?

பொதுவாக, கத்தோலிக்கத் திருப்பலியில் கத்தோலிக்கர் மட்டும்தான். மரண ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. சி.எஸ்.ஐ.யில் வேறு சபையில் திருவிருந்து எடுக்கிறவர்களையும் பொதுவாக அழைப்பார்கள். ஆனால் அந்தக் கத்தோலிக்க மருமகளுக்கு அவள் சபை அனுமதி தருவதில்லை. ஆகவே இரண்டு பக்கமும் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

எனக்கு இது வருத்தமான விஷயம்தான். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் பொங்கித் தின்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மேஜைக்குப் போகிறார்கள். ஆனால் வரிசையில் கும்பலோடு போய்த் தெரியாத மாதிரி வாங்கிவிடுவது மரியாதை இல்லை. சம்பந்தி வீட்டு ஒழுங்கை மதித்து உட்கார்ந்து ஜெபிப்பது மேல். பூசைக்கு முன்னாலேயே பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தர்மசங்கடம் இல்லை.

‘அபாத்திரமாய்’ (தகுதியில்லாமல்) வாங்கினால் ஆக்கினை (தண்டனை) என்று பயந்து பலபேர் வாங்காமல் இருக்கிறார்களே?

1 கொரிந்தியர் 11:27-29. இந்த வசனத்தைக் காட்டிப் பிள்ளைகளை ரொம்பப் பயமுறுத்திவிட்டோம். கெட்ட சினிமா பார்த்தேன், வீட்டில் சண்டை போட்டேன், அதனால் இந்த மாதம் வேண்டாம் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். பவுல் எதற்காகக் கோபப்பட்டார் என்று பத்து வசனம் மேலே போய் வாசிக்க வேண்டும்.

கொரிந்துவில் திருவிருந்து முழுச் சாப்பாடாகவே நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டோடு வந்து முந்திச் சாப்பிட்டுவிடுவார்கள். ஒன்றுமில்லாதவர்கள் வெட்கப்பட்டு நிற்பார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்கிறார் பவுல்; வெறி என்றால் குடிவெறி. அந்தக் கடிதத்தில் ‘அபாத்திரம்’ என்பது இதுதான்: பக்கத்தில் ஒருத்தன் பசியோடு நிற்க, நாம் அப்பத்தைப் பரிசுத்தமாக வாயில் போட்டுக்கொள்வது. அதற்கு அவர் சொன்ன மருந்து உபவாசம் இல்லை. “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்பதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வியாதிக்கு வேறு பெயர் இருந்தது. தஞ்சாவூர் போன்ற இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஆலயத்தில் சாதிவாரியாக உட்கார்ந்து, திருவிருந்துக்கும் முன்பின்னாக வந்தார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் இதை அடியோடு விடவேண்டும் என்று கடிதம் எழுதினார். எத்தனையோ குடும்பங்கள் சாதியை விடாமல் சபையை விட்டுப் போயின. நம் பக்கத்தில் திருவிழா முடிவில் அசனம் வைக்கிறோம். பெரிய செம்பில் சோறு, ஒரே சாம்பார், எந்த மதத்துக்காரரும் வரிசையில் உட்காரலாம். நல்ல காரியம். ஆனால் அசனப் பந்தியில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள் மறுநாள் கல்யாணத் தரகரிடம் முதலில் கேட்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ‘அபாத்திரம்’ என்று பிரசங்கிக்கிறவர்கள் அங்கே தொடங்கலாம்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாடத்தை விட பிடியரிசி நல்லது. தெற்குத் திருவிதாங்கூர் மிஷன் சபைகளில் பாட்டிமார் செய்துவந்த வேலை. சோறு பொங்க அரிசி அளந்து எடுத்தபின், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலத்தில் போடுவார்கள். ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும், அங்கிருந்து ஊழியத்துக்கோ இல்லாதவர் வீட்டுக்கோ போகும். மிச்சமானதை எடுத்துக் கொடுப்பதில்லை என்பது முக்கியம். உலையில் போக வேண்டிய அரிசி அது. அந்தப் பிடியைப் பிள்ளை கையால் போடவிடுங்கள். மன்னா, ஐந்து அப்பம் கதைகளை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

புதுநன்மைக்கு எந்த வயது?

கத்தோலிக்கத்தில் விவரம் தெரிகிற வயது, அதாவது ஏழு வயதை ஒட்டி. 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அப்படிக் குறைத்தார். நம் பக்கத்துப் பங்குகளில் வகுப்பு முடித்துக் கொஞ்சம் தாமதமாகவும் கொடுப்பார்கள். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற சடங்கு) பின் என்பதே வழக்கம்.

படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு வீட்டில் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். சாகப்போகிறவருக்கு வழியுணவாக நற்கருணையை மறுக்கக் கூடாது என்று 325-ல் நிசேயா சங்கமே விதி வைத்தது. ஆர்.சி. வீடானால் பங்குச் சாமியாரிடமும், சி.எஸ்.ஐ. வீடானால் போதகரிடமும் சொல்லிவையுங்கள். கடைசி நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நினைவு இருக்கும்போதே சொல்வது நல்லது. ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். விழுங்கக் கஷ்டப்பட்டால் நகத்தளவு துண்டு போதும், தண்ணீரும் கொடுக்கலாம். அதுவும் இறங்காவிட்டால் இரசம் ஒரு துளி போதும். மூக்கில் குழாய் போட்டிருந்தால் வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.